மேட்டில் மைவி

மழையை இப்போதெல்லாம் நான்
காதால் கேட்பதில்லை.
முழங்காலால் கேட்கிறேன்.
தகரத்தில் முதல் பத்துச் சொட்டு விழுந்ததும்
தூக்கத்திலேயே ஒரு கால் கட்டிலைவிட்டு இறங்கி
தரையைத் தொட்டுப் பார்க்கிறது.
காய்ந்திருக்கிறது.
மறுபடி தொடுகிறது.

செகாம்புட்டில் எங்கள் வரிசை வீடுகளில்
எல்லார் காலுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.
முந்தின வருஷம் டிசம்பரில்
ஒன்றேகால் மணி நேரத்தில் ஆறு உள்ளே வந்தது.
கடை லோரியிலிருந்து நாலு ஆள் சேர்ந்து இறக்கிய பிரிட்ஜை
தண்ணீர்
ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு
சாமி மேடைவரைக்கும் போனது.

அதிலிருந்து வீட்டில் முக்கியமானதெல்லாம்
அலமாரிக்கு மேலே, மைலோ டின்னுக்குள்:
பிறப்புப் பத்திரங்கள், வீட்டுக் கடன் கடிதம்,
அப்பாவின் டயாலிசிஸ் அட்டை.
கல்யாண ஆல்பத்துக்கு இடம் போதவில்லை.
"நாமதான் ரெண்டு பேரும் இருக்கோமே, அத்தாட்சிக்கு"
என்றார் குணசீலன்,
நைட் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே.

இன்று இரண்டே நாற்பதுக்கு
ஆ ஹொங் எங்கள் கேட்டைச் சாவியால் தட்டினார்.
பேச்சு வேண்டியதில்லை.
முதலில் அப்பா. அப்புறம் டின்.
அப்புறம்தான் என் மூக்குக்கண்ணாடி.

மேட்டுச் சாலையோரம், சூராவைத் தாண்டி,
பதினேழு வண்டிகளும் ஓர் ஐஸ் லோரியும்
விளக்கு சிமிட்டிக்கொண்டு நிற்கின்றன.
சாவு வீட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி.
யார் வீடு என்றுதான் இன்னும் தெரியவில்லை.
பஸ் நிறுத்தத்தில் பாக் ஹலிம்
கைலியும் ஒற்றைச் சிலிப்பருமாக
போனில் ஆற்றின் அளவைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார்,
தேர்தல் முடிவு சொல்வதுபோல.
ஆ ஹொங் பெண்சாதி சிரித்துவிட்டாள்.
நானும்.

யஷ்வினிக்கு அனுப்பியது
ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது.
கூச்சிங்கில், ஹாஸ்டலில், தூங்குவாள்.
தூங்கத்தான் வேண்டும், மணி மூன்று.
ஆனாலும் ஒற்றை டிக்.

புகைமூட்டத்து நாள் ஒன்றில்
இன்ஹேலரை உறிஞ்சி, மூச்சை நிறுத்தி, விட்டு,
"நான் பிள்ளை பெத்துக்கப் போறதில்லம்மா,
இந்த வெயில்ல அதுக்கு என்னத்தக் கொடுக்கிறது" என்றாள்.
"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.
அன்றைக்கு அதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.
ஆறு மாதமாகத் தேடுகிறேன்,
பாத்திரம் கழுவும்போது,
ஜாலான் ஈப்போ சிவப்பு விளக்கில்,
பின்னால் ஹார்ன் அடிக்கும்வரை.

பின் சீட்டில் அப்பா விழித்துவிட்டார்.
ஏழு மணிக்கு கெப்போங்கில் மெஷின்.
பாலத்தடிச் சாலை திறந்திருக்குமோ என்னவோ.
திரும்பி அவர் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்துகிறேன்.
விழுந்த குழி எழும்ப நேரமாகிறது.
உள்ளே போன தண்ணீருக்கு
வெளியே வர வழி தெரியாத உடம்பு.
நாளைக்கு அரை லிட்டர், அதற்குமேல் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.
நோட்டுப் போட்டு எழுதுகிறேன்:
மாத்திரைக்கு ஐம்பது மில்லி, காப்பிக்கு நூறு,
ரசம் ஊற்றினால் அதுவும்.
வானத்துக்கு இப்படியொரு நோட்டுப் போட ஆளில்லை.

"தாகமா இருக்கு."
"நேத்துக் கணக்கு முடிஞ்சிருச்சுப்பா."
"மணி மூணு. இது இன்னைக்கு."
"மெஷினுக்கு முன்னாடி வேணாம்."
மேலே, கீழே, கண்ணாடி முழுக்கத் தண்ணீர்;
நடுவில் எழுபத்தொரு வயது தாகம்
கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறது.

மழை கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.
ஆறு உள்ளே வந்ததா, வரவில்லையா,
பாக் ஹலிமுக்கும் தெரியவில்லை.
பேட்டரி தீர்ந்துபோயிற்று.
இறங்கிப் போய்ப் பார்க்க
யாரும் முதலில் வண்டி எடுக்கவில்லை.

தற்செயலாக நடுக்கண்ணாடியைப் பார்த்தேன்.
அப்பா ஜன்னலை நாலு விரல் இறக்கி
கையை வெளியே நீட்டி
உள்ளங்கை கொள்ளும் மழையைப் பிடித்து,
ஐஸ் லோரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு
நக்குகிறார்.

வைப்பரைப் போட்டுவிட்டேன்,
நேரே பார்த்துக்கொண்டு.
நோட்டில் எழுதவில்லை.